விசிறியில்லா வரைகலை அட்டையும் வேலூர்க் கோடையும்

முன்னுரை

வேலூரை ‘வெயிலூர்’ என்று வேடிக்கையாகக் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிக் குன்றுகள் சூழ அமைந்துள்ள பேரணாம்பட்டுக்கும் அப்பெயர் பொருந்தாமற் போகாது. சித்திரை, வைகாசித் திங்கள்களில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் இப்பகுதிக்குப் புதியன அல்ல. பகலெல்லாம் வெயிலை உண்ட பாறைகள் இரவில் அதனை உமிழ்கின்றன. மனிதன் நிழலைத் தேடிச் செல்கின்றான். மாடு நீரைத் தேடிச் செல்கின்றது. மேசைக்கடியில் இருக்கும் கணிப்பொறி மட்டும் எங்கும் செல்ல இயலாமல் இருந்த இடத்திலேயே வேகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், உறவினர் தந்த பழைய கணிப்பொறியில் தம் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து வந்தார். கோடை தொடங்கியதும் நண்பகல் வேளைகளில் திரையில் பச்சை நிறக் கோடுகள் தோன்றின; சிறிது நேரத்தில் திரை உறைந்து நின்றது. மறுநாள் காலையில் யாதொரு குறையுமின்றிக் கணிப்பொறி இயங்கியது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றபோது, “வைரஸ் புகுந்துள்ளது” என்று கூறி வன்தட்டை முழுவதும் அழித்துப் புதிதாக இயங்குதளத்தை நிறுவித் தந்தார். வேறெங்கும் படியெடுத்து வைக்கப்படாத இரண்டு இயல்கள் அதனோடு அழிந்தன. அடுத்த நாள் நண்பகலில் அதே பச்சைக் கோடுகள் மீண்டும் தோன்றின!

நோய் ஒன்றாக இருக்க, மருந்து வேறொன்றாகக் கொடுக்கப்பட்டது. அக்கணிப்பொறியைத் தாக்கியது வைரஸ் அன்று, வெப்பம். அதனுள் இருந்த, விசிறியில்லாத பழைய வரைகலை அட்டை கோடையைத் தாங்க மாட்டாமல் தவித்தது. இத்தகைய அட்டைகள் ஏன் வெப்பமடைகின்றன, அதனை எவ்வாறு அறிவது, நம்மால் இயன்ற எளிய வழிகளில் எவ்வாறு தணிப்பது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைகலை அட்டையும் விசிறியின்மையும்

கணிப்பொறி கணித்தவற்றை எழுத்தாகவும் படமாகவும் திரையில் காட்டும் பணியைச் செய்வது வரைகலை அட்டை. ‘கிராபிக்ஸ் கார்டு’ என்று மக்கள் வழங்குவது இதனையே. அதன் நடுவில் ஒரு சில்லு உண்டு. அச்சில்லே உழைப்பாளி, வெப்பத்தைப் பிறப்பிப்பதும் அதுவே.

1996-இல் வெளிவந்த வூடூ அட்டையின் சில்லுகள் மேலே எந்த உலோகமும் இன்றி வெறுமையாகவே இருந்தன. அன்றைய உழைப்பு சிறிது, வெப்பமும் சிறிது. 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 வந்தபின் இத்துறை விரைந்து வளர்ந்தது. உழைப்புப் பெருகப் பெருக வெப்பமும் பெருகியது, விசிறிகள் தேவைப்பட்டன. 2003-இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்னும் அட்டையின் விசிறி எழுப்பிய இரைச்சல் உலகெங்கும் கேலிக்குள்ளாயிற்று.

இரைச்சலை விரும்பாதோருக்காகவும், குறைந்த விலையில் வாங்குவோருக்காகவும் விசிறியே இல்லாத அட்டைகள் பல செய்யப்பட்டன. ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200, 6200, 8400 ஜிஎஸ், 210, ரேடியான் எச்டி 5450, பின்னர் வந்த ஜிடி 610, ஜிடி 710 ஆகிய வரிசைகளில் விசிறியற்ற வடிவங்கள் மிகுதி. அலுவலகங்கள், கல்லூரி ஆய்வகங்கள், கணினி அச்சுக்கோப்பு நிலையங்கள், காலணி வடிவமைப்புக் கூடங்கள் ஆகியவற்றில் இவை பெரிதும் இடம்பெற்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகள் வழியாகப் பழைய பொருளாக நம் ஊர்களுக்கும் இவை வந்து சேர்கின்றன.

விசிறியில்லாமையில் ஒரு நன்மையும் உண்டு. சுழலும் உறுப்பு இல்லையாதலால் தேய்வதற்கும் நிற்பதற்கும் ஏதுமில்லை. ஆயினும் ‘விசிறி வேண்டா’ என்பதற்குக் ‘காற்று வேண்டா’ என்பது பொருளன்று. தனக்கென விசிறி வைத்துக்கொள்ளாத அட்டை, பெட்டிக்குள் உலவும் காற்றைக் கடன் வாங்கியே வாழ்கின்றது. இவ்வுண்மையை மறப்பதனாலேயே பெரும்பாலான கேடுகள் விளைகின்றன.

வெப்பம் பிறப்பதும் வெளியேறுவதும்

சில்லினுள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்கதவங்கள் நொடிக்குப் பல கோடி முறை திறந்து மூடுகின்றன. இதற்குச் செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். சில்லு உண்ணும் மின்திறன் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. ஜிடி 710 அட்டைக்கு இது 19 வாட். ரேடியான் எச்டி 5450-க்கு 19.1 வாட், ஜிடி 610-க்கு 29 வாட், ஜீஃபோர்ஸ் 210-க்கு 30.5 வாட். பழைய குண்டு விளக்கினும் குறைந்த அளவுதானே எனத் தோன்றலாம். ஆனால் விரல் நகத்தளவே உள்ள பரப்பில் அத்தனையும் பிறக்கின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளி அறிவியல் நூல்களில் கற்ற மூன்று வழிகளிலேயே இவ்வெப்பம் வெளியேறுகின்றது. சில்லிலிருந்து மேலே பொருத்தப்பட்ட அலுமினியம் அல்லது செம்புக் கட்டிக்குச் செல்வது வெப்பக் கடத்தல். அக்கட்டியைக் கடைக்காரர்கள் ‘ஹீட் சிங்க்’ என்பர். இங்கு நாம் வெப்பமுறிஞ்சி எனக் கொள்வோம். அதன் தகடுகளைத் தொட்ட காற்று சூடேறி மேலெழ, குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்புவது வெப்பச் சலனம். எஞ்சிய சிறுபகுதி கதிர்வீச்சாக வெளியேறுகின்றது. பல வெப்பமுறிஞ்சிகளுக்கு ஏற்றப்பட்டிருக்கும் கருநிறப் பூச்சு இக்கதிர்வீச்சுக்கு உதவுகின்றது.

சில அட்டைகளில் செம்புக் குழல்கள் காணப்படும். அவை வெறும் உலோகக் கம்பிகள் அல்ல. குழலினுள் அடைக்கப்பட்ட சிறிதளவு நீர், சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, வெப்பத்தைச் சுமந்து சென்று தகடுகளிடம் ஒப்படைக்கின்றது.

இம்மூன்றனுள் தடைபடுவது பெரும்பாலும் வெப்பச் சலனமே. இயற்கையாக மேலெழும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு பாகை வேறுபாட்டிற்கு ஏறத்தாழ 2 முதல் 25 வாட் வரையே எடுத்துச் செல்லும். விசிறியால் உந்தப்படும் காற்றோ 25 முதல் 250 வாட் வரை எடுத்துச் செல்லவல்லது. மெல்லிய காற்றோட்டங்கூடப் பெரும் மாற்றத்தை விளைவிப்பது இதனாலேயே.

தோல் உலர்த்தும் கூடம் கற்பிக்கும் பாடம்

நம் பகுதி மக்களுக்கு இதனை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தோல் பதனிடும் கூடங்களில் ஈரத்தோலைத் தொங்கவிட்டு உலர்த்துவோர் இரண்டு செய்திகளை நன்கறிவர். ஒன்று, தோலுக்கும் தோலுக்கும் இடையே காற்றுப் புகுமளவு இடைவெளி வேண்டும். மற்றொன்று, கூடத்தினுள் வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். நெருக்கித் தொங்கவிட்டால் தோல் உலராது. சாளரங்களை அடைத்துவிட்டால், எத்துணை இடைவெளி விட்டும் பயனில்லை.

வெப்பமுறிஞ்சியின் தகடுகளும் அவ்வாறே. விசிறியற்ற அட்டைகளில் தகடுகள் சற்று விலகி நிற்பதைக் காணலாம். இயற்கைக் காற்று வலிமையற்றது. குறுகிய சந்துகளில் அது நுழையாது என்பதறிந்தே அங்ஙனம் அமைத்துள்ளனர். அவ்விடைவெளியைத் தூசி அடைத்துக்கொள்ளுமாயின், நெருக்கித் தொங்கவிட்ட தோலின் நிலையே அதற்கும் நேரும்.

இனி, பலரும் கவனியாத ஒன்றைக் காண்போம். நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் வரைகலை அட்டை கிடைமட்டமாகப் படுத்திருக்கின்றது. அதிலும் சில்லும் வெப்பமுறிஞ்சியும் கீழ்நோக்கியே தொங்குகின்றன. சூடான காற்று மேலெழ முயலும்போது அட்டையே அதற்குக் கூரையாகி மறிக்கின்றது. கவிழ்த்து வைத்த குடத்தினுள் அகப்பட்ட புகை போன்று வெப்பக் காற்று அங்கேயே தங்கிவிடுகின்றது. இயற்கைச் சலனத்தை நம்பி வாழும் பொருளுக்கு இதனினும் தீய இருக்கை வேறில்லை எனலாம்.

ஒரு சிறு கணக்கு

வெப்பமுறிஞ்சி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றினும் குறைந்த வெப்பநிலைக்கு அது சில்லைக் கொண்டு செல்லவே இயலாது. எனவே சில்லின் வெப்பநிலை மூன்று எண்களின் கூட்டல்: அறையின் வெப்பம், பெட்டிக்குள் கூடும் வெப்பம், சில்லின் உழைப்பால் ஏறும் வெப்பம்.

19 வாட் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பமுறிஞ்சி ஒரு வாட்டுக்கு 2.5 பாகை ஏற்றம் தருவதாகக் கணக்கிற்காகக் கொள்வோம். முழு உழைப்பில் 19 × 2.5 = 47.5 பாகை ஏறும். குளிரூட்டப்பட்ட அறையில் 25 பாகை, பெட்டிக்குள் 10 பாகை கூடுதல் என்றால், மொத்தம் 82.5 பாகை. இது தாங்கத்தக்கது. அதே அட்டை நம் ஊரில் கோடை நண்பகலில் 38 பாகை உள்ள அறையில் இயங்கினால் 38 + 10 + 47.5 = 95.5 பாகை. ஜிடி 710-க்கு அதனைச் செய்தோர் விதித்துள்ள உச்ச வரம்பு 95 பாகை. ஆக, யாதொரு பழுதுமில்லாத அட்டையே வேலூர்க் கோடையில் வரம்பின் விளிம்பில் நிற்கின்றது. அதன்மேல் தூசியும் சேர்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்போது மெதுவாகச் சுழலும் விசிறியொன்றை வைத்து, வாட்டுக்கு 2.5 பாகை என்பதை 1.2 ஆகவும், பெட்டிக்குள் கூடும் வெப்பத்தை 5 பாகையாகவும் குறைத்தோமென்று கொள்வோம். 38 + 5 + 22.8 = 65.8 பாகை. ஏறத்தாழ 30 பாகை இறங்கிவிட்டது. அறையின் வெப்பத்தை மாற்றக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். மற்ற இரண்டையும் மாற்றச் சிறிய விசிறியும் சிறிது கவனமும் போதும். நம் முயற்சியை எங்குச் செலுத்த வேண்டும் என்பதை இக்கணக்கே காட்டுகின்றது.

வெப்பத்தால் விளையும் கேடுகள்

சில்லு சூடேறும்போது அதனுள் மின்கசிவு மிகுகின்றது. கசிவு மிகுந்தால் வெப்பம் மிகுகின்றது. வெப்பம் மிகுந்தால் கசிவு பின்னும் மிகுகின்றது. இது முதற்கேடு.

இரண்டாவது, மின்தேக்கிகளின் முதுமை. பழைய அட்டைகளில் சிறிய குவளை போன்று நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளினுள் நீர்மம் உண்டு; வெப்பத்தால் அது மெல்ல உலர்கின்றது. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அவற்றின் வாழ்நாள் இருமடங்காகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுவிதி. 105 பாகையில் 2000 மணி நேரம் வாழும் மின்தேக்கி 85 பாகையில் 8000 மணியும், 65 பாகையில் 32,000 மணியும் வாழும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் எனக் கொண்டால் முன்னது மூன்றாண்டுக்கும் குறைவு. பின்னது ஏறத்தாழ பதினோராண்டு. இருபது பாகை வேறுபாட்டில் எட்டாண்டு வாழ்வு அடங்கியிருக்கின்றது!

மூன்றாவது, பற்றவைப்புகளின் தளர்ச்சி. நாள்தோறும் சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்குவதால் நுண்ணிய இணைப்புகளில் விரிசல் தோன்றுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. உடல்நலத்திற்கு இது நன்மையே. ஆயினும் புதிய பற்றாசுகளின் இயல்பைத் தொழில்துறை கற்றுத்தேறச் சில காலம் பிடித்தது. சில்லை உறையுடன் இணைக்கும் பொருள்களில் நேர்ந்த குறைக்காக 2008 சூலையில் என்விடியா நிறுவனம் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. மடிக்கணினிகளின் சில்லுகளில் எழுந்த சிக்கல் அது. மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்வது எத்துணைப் பெரிய நிறுவனத்தையும் அசைக்கவல்லது என்பதற்கு அது சான்று.

நோய் அறிதல்

மருந்து கொடுக்குமுன் நோயை அறிதல் வேண்டும். கீழ்க்கண்டவை வெப்பத்தின் அடையாளங்கள்:

கணிப்பொறி காலையில் நன்றாக இயங்கி நண்பகலில் தடுமாறுதல்; திரையில் கோடுகளும் கட்டங்களும் தோன்றுதல்; அசைபடமோ விளையாட்டோ ஓடும்போது மட்டும் திரை உறைதல்; அணைத்து அரைமணி கழித்து இயக்கினால் மீண்டும் சரியாதல். வைரஸுக்கு வேளை ஏது? வெயிலுக்கே வேளை உண்டு. எனவே ‘எப்போது பழுதாகின்றது’ என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

ஜிபியு-இசட், எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் சில்லின் வெப்பநிலையைத் திரையிலேயே காட்டும். அதனைக் காலையிலும் நண்பகலிலும் குறித்து வைத்து ஒப்பிடுதல் நலம். மிகப் பழைய அட்டைகள் சிலவற்றில் வெப்பநிலையை உணரும் உறுப்பு இராது. அந்நிலையில் பெட்டியைத் திறந்து, தொடாமல் அளக்கும் வெப்பமானியால் வெப்பமுறிஞ்சியை அளக்கலாம். விரலால் தொட்டுப் பார்ப்பது தீங்கு. கொப்புளம் தோன்றுமளவு அது சுடும்.

ஜீஃபோர்ஸ் 210-க்கு 105 பாகை, ஜிடி 610-க்கு 102 பாகை, ஜிடி 710-க்கு 95 பாகை என்பன உச்ச வரம்புகள். வரம்பு என்பது வாழத்தக்க இடமன்று, கடக்கலாகாத எல்லை. மேற்கூறிய மின்தேக்கிக் கணக்கை நோக்கின், 80 பாகைக்குக் கீழே வைத்திருப்பதே அறிவுடைமை.

நம்மால் இயன்ற மருத்துவம்

முதலாவது, தூசி நீக்கம். மின்செருகியைப் பிடுங்கி, பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை இறக்கிய பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். மென்மையான தூரிகையாலும் காற்றூதும் பொறியாலும் தகடுகளின் இடைவெளிகளைத் துடைக்க வேண்டும். நம் பகுதியில் செம்மண் தூசியோடு, தோலைத் தேய்த்து மெருகிடும்போது எழும் நுண்துகளும் சேர்கின்றது. அது பஞ்சு போன்று படிந்து தகடுகளைப் போர்த்திக்கொள்ளும். அத்தகைய தொழிற்கூடங்களிலுள்ள கணிப்பொறிகளை மூன்று திங்களுக்கு ஒருமுறை துடைத்தாலும் மிகையாகாது. மேலும், தோலின் மயிரை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகின்றது. அதிலிருந்து எழும் வாயு செம்பையும் வெள்ளியையும் கருக்கச் செய்யும். ஆதலால் அப்பணி நடைபெறும் பகுதியிலிருந்து கணிப்பொறி அறையை விலக்கி அமைத்தல் நன்று.

இரண்டாவது, வெப்பப் பசையை மாற்றுதல். சில்லுக்கும் வெப்பமுறிஞ்சிக்கும் இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களைக் காற்று நிரப்பாமல் காப்பது தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பப் பசை. ஆண்டுகள் செல்ல அது காய்ந்து சுண்ணாம்பு போலாகிவிடும். அட்டையைக் கழற்றி, பின்புறமுள்ள கவ்விகளை விடுவித்து, வெப்பமுறிஞ்சியைச் சிறிதே இடம்வலமாகத் திருகி எடுக்க வேண்டும். நெம்பினால் சில்லின் மூலை உடையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழைய பசையைத் துடைத்து, அரிசிமணி அளவு புதிய பசையை நடுவில் வைத்து, அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒத்திருக்குமாறு பொருத்த வேண்டும். பசை மிகுந்தால் நன்மை மிகாது.

மூன்றாவது, காற்றுக்கு வழி. அட்டைக்குக் கீழேயுள்ள செருகிடம் காலியாக இருக்க வேண்டும். தொங்கும் கம்பிகளை ஒருங்கே கட்டி ஒதுக்க வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ, கதவுள்ள மேசை அறைக்குள்ளோ வைத்தல் கூடாது. பின்புறம் ஒரு சாண் இடமேனும் விட வேண்டும்.

நான்காவது, மெல்ல வீசும் விசிறி. இதுவே தலையாய மருந்து. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைப் பெட்டியின் முன்புறத்தில் காற்றை உள்ளிழுக்குமாறும், இயலுமாயின் மற்றொன்றைப் பின்புறத்தில் வெளித்தள்ளுமாறும் அமைக்கலாம். முன்புறத்தில் இடமில்லையெனில் சிறு விசிறி ஒன்றை அட்டைக்குக் கீழே, தகடுகளை நோக்கி மேல்முகமாக வீசுமாறு நெகிழிக் கட்டுகளால் பிணைக்கலாம். அதன் இறக்கைகள் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைக்கும் இணைப்புக் கம்பி கொண்டு மெதுவாகச் சுழலவிட்டால் இரைச்சலும் இராது. புயல் தேவையில்லை; தென்றலே போதும்.

ஐந்தாவது, இருக்கையை மாற்றுதல். விசிறி வைக்க இயலாதோர், மதர்போர்டு அடியில் கிடைமட்டமாக இருக்குமாறு பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பார்க்கலாம். அப்போது வரைகலை அட்டை நிமிர்ந்து நிற்கும். தகடுகளின் சந்துகள் கீழிருந்து மேலாக அமைந்தால் சூடான காற்று தடையின்றி மேலெழும். சந்துகள் பக்கவாட்டில் ஓடினால் பயன் குறைவு. ஆதலால் தகடுகளின் திசையைப் பார்த்தே இதனைச் செய்தல் வேண்டும். காற்றுத் துளைகள் மூடப்படாமலும் காத்தல் வேண்டும்.

ஆறாவது, உழைப்பைக் குறைத்தல். திரை நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும்போது அதற்குமேல் படங்களை வரைவது வீண். ஆதலால் விளையாட்டுகளில் அவ்வரம்பை விதிக்கலாம். சில்லின் அதிர்வெண்ணைச் சற்றே குறைக்கும் மென்பொருள்களும் உண்டு. மதர்போர்டிலேயோ செயலியிலேயோ வரைகலை வசதி அமைந்திருந்து, எழுத்துப் பணி மட்டுமே செய்வதாயின், அட்டையைக் கழற்றி வைத்துவிடுவதே சிறந்த மருத்துவம்.

செய்யத் தகாதவை

பழுதான அட்டையை அடுப்பில் வைத்துச் சுட்டால் உயிர்பெறும் என்றொரு கைவைத்தியம் பரவியுள்ளது. ஈயங்கலந்த பற்றாசு 183 பாகையிலும், ஈயமற்றது ஏறத்தாழ 217 பாகையிலும் உருகுகின்றன. வீட்டு அடுப்பின் வெப்பத்தில் இணைப்புகள் முறையாகக் கூடுவதில்லை. சில நாள் இயங்கி மீண்டும் மடியும். சமைக்கும் அடுப்பில் நச்சுப்புகை படிவதோ நிலையான தீங்கு. இதனை எவரும் செய்தலாகாது.

வெப்பப் பசைக்கு மாற்றாகப் பற்பசையைத் தடவுவோர் உளர். அது விரைவில் காய்ந்து, முன்னிருந்ததினும் தீய நிலையை உண்டாக்கும். நீர் ஊற்றி இயக்கும் ஏர் கூலரைத் திறந்த பெட்டியை நோக்கித் திருப்புவதும் தவறு. அதன் ஈரக்காற்றும் நீர்த்துளியும் மின்சுற்றுக்குப் பகை. சாதாரண மேசை விசிறியைத் திருப்புவது அவசரத்திற்கு உதவும். ஆனால் பெட்டியை எப்போதும் திறந்தே வைத்தால் தூசியே குடியேறும்.

இன்னொன்று: மின்தடை ஏற்படும்போது கூரை விசிறி நின்றுவிட, யுபிஎஸ் துணையால் கணிப்பொறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நிலை நம் ஊர்களில் உண்டு. அறையில் காற்றசைவே இல்லாத அந்நேரத்தில் பணியைச் சேமித்து அணைத்துவிடுவதே நலம்.

முடிவுரை

தொடக்கத்தில் கூறிய மாணவரின் கணிப்பொறியைத் திறந்து பார்த்தபோது, வெப்பமுறிஞ்சியின் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை; சாம்பல் நிறப் போர்வையொன்றே தெரிந்தது. அதனைத் துடைத்து, பசையை மாற்றி, விசிறியொன்றைப் பொருத்தினோம். அன்றைய நண்பகலில் பச்சைக் கோடுகள் தோன்றவில்லை, அதன்பின்னும் தோன்றவில்லை. மொத்தச் செலவு ஒரு நூலின் விலையளவே. அழிந்த இரண்டு இயல்களை அவர் நினைவிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் மீண்டும் எழுதினார். அதற்கு இரண்டு திங்கள் ஆயின. அத்தூசியை முன்னரே துடைத்திருந்தால் அவ்விரண்டு திங்களும் மிஞ்சியிருக்கும். இந்நிகழ்ச்சியிலிருந்து மற்றொரு பாடமும் பெறலாம். எழுதியதை வேறோரிடத்தில் படியெடுத்து வைக்காமல் எக்கணிப்பொறியையும் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்தலாகாது.

‘பழையது, தூக்கியெறிந்து புதியது வாங்கலாமே’ என்று சிலர் வினவலாம். வாங்க இயன்றோருக்கு அது எளிது. நம் மாணவர் பலருக்கோ உறவினர் தந்த பழைய கணிப்பொறியே முதற்கணிப்பொறி. எறிந்த பொருளும் மறைந்துபோவதில்லை. ஈயமும் பிற நச்சுப் பொருள்களும் மண்ணையும் நீரையும் சேர்கின்றன. இந்திய அரசின் மின்னணுக் கழிவு விதிகள் 2012-ஆம் ஆண்டு மே முதலும், திருத்தியமைக்கப்பட்ட புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதலும் நடைமுறைக்கு வந்தது இதுபற்றியே. தோல் தொழிலின் கழிவால் பாலாறு பட்ட துன்பத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். மண்ணில் எறிவது மண்ணோடு மறையாது என்பதை நமக்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை.

முற்றம் விட்டு வீடு கட்டியும், இடைவெளி விட்டுத் தோல் உலர்த்தியும் காற்றின் இயல்பறிந்து வாழ்ந்த மக்கள் நம் முன்னோர். அவ்வறிவையே மேசைக்கடியில் இருக்கும் இச்சிறு பெட்டிக்கும் செலுத்துவோம். மாணவச் செல்வங்கள் கோடை விடுமுறை தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, தம் வீட்டிலும் துறையிலும் உள்ள கணிப்பொறிகளைத் திறந்து துடைப்பார்களாயின், அதனால் காக்கப்படுவது ஓர் அட்டை மட்டுமன்று. அதன் வழியே எழுதப்படும் எழுத்தும், அவ்வெழுத்தை நம்பியிருக்கும் ஒருவரின் உழைப்பும் ஆகும்.